பேனா யார் கையில்?
சிறு தீவு நாடுகள் தங்கள் பேச்சாளர்களைத் தாங்களே வளர்த்தெடுக்கும் கதை

துபாய், 2023 டிசம்பர் 13. முடிய வேண்டிய நாளைத் தாண்டியும் ஐ.நா. காலநிலை மாநாடு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பொது அமர்வு கூடிய சில நிமிடங்களிலேயே, ஆட்சேபம் எதுவும் இல்லை என்று சொல்லி மாநாட்டுத் தலைவர் சுல்தான் அல் ஜாபர் சுத்தியலைத் தட்டினார். தீர்மானம் நிறைவேறியது. அரங்கம் ஆரவாரித்தது. அடங்கியதும் சமோவா நாட்டின் ஆன் ராஸ்முசென் மைக்கை வாங்கினார். அப்போது 39 சிறு தீவு நாடுகளின் சார்பில் பேசிய தலைமைப் பேச்சுவார்த்தையாளர் அவர். இப்போது இங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். நீங்கள் சுத்தியலைத் தட்டியபோது தீவு நாடுகள் அறைக்குள்ளேயே இல்லை, 39 நாடுகளின் கருத்தை ஒன்றுசேர்க்கும் வேலையில் வெளியே இருந்தோம், இந்த உரையில் எங்களுக்குத் தேவையான திசைமாற்றம் கிடைக்கவில்லை என்றார். அவர் முடித்தபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. தீர்மானத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் அநியாயத்தைப் பற்றிப் பேசினார்கள், நியாயம்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்த திறமையைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. நிறைவேறிப்போன தீர்மானத்தை மறுபடி திறக்க வழியில்லை. வெளிநடப்பு செய்தால் அடுத்த வருடப் பேச்சுவார்த்தையில் கதவு அடைபடும். சும்மா இருந்தால் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள். அந்த இக்கட்டில், எந்த இடத்தில் ஏற்கிறோம், எந்த இடத்தில் ஏமாந்தோம் என்பதை வரிக்கு வரி பதிவேட்டில் ஏற்றினார் ராஸ்முசென். இந்த நிதானம் ஒரு நாளில் வருவதில்லை. பல வருடங்கள் அந்த அறைகளில் உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் வரும்.

அப்படிப்பட்டவர்களை எப்படி உருவாக்குவது என்பதுதான் இன்று தீவு நாடுகளின் முன்னால் நிற்கும் பெரிய கேள்வி. பெரும்பாலானவற்றுக்குப் படை கிடையாது, பெரிய சந்தை கிடையாது, கடன் கொடுக்கும் வங்கி கிடையாது. அவர்களிடம் உள்ளது ஓட்டும் ஆட்களும். ஓட்டை யாரும் பறிக்க முடியாது. ஆட்களைத்தான் ஒவ்வொருவராக வளர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒருவர், ஒரு நாடு, 39 நாடுகள்

துவாலுவின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 11,000. நம் ஊரில் ஒரு சின்னப் பேரூராட்சி. ஆனால் ஐ.நா. பொதுச்சபையில் துவாலுவுக்கும் சீனாவுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். அந்தச் சபைக்குக் கீழே ஆறு முதன்மைக் குழுக்கள் இருக்கின்றன. நிராயுதபாணியாக்கல் ஒன்றில், பொருளாதாரம் ஒன்றில், மனித உரிமை ஒன்றில், பட்ஜெட் ஒன்றில், சட்டம் ஒன்றில் என்று பேச்சு நடந்துகொண்டே இருக்கும். பெரிய நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி அணி வைத்திருக்கின்றன. தீவு நாடுகளின் நியூயார்க் அலுவலகங்கள் பலவற்றில் தூதரையும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களே இருப்பார்கள். தனியாக ஓர் அலுவலகத்துக்கு வாடகை கொடுக்கவும் சிரமம் என்பதால், பல சிறிய நாடுகள் ஒரே கூரையின் கீழ் இயங்க காமன்வெல்த் அமைப்பு 1983 முதல் நியூயார்க்கில் ஒரு கூட்டு அலுவலகம் நடத்துகிறது.

இந்த ஆள் பற்றாக்குறைக்குத் தீவுகள் கண்டுபிடித்த மருந்து, சிறு தீவு நாடுகளின் கூட்டணி. சுருக்கமாக ஏயோசிஸ் என்பார்கள். 1989 நவம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கடல்மட்டம் உயர்வது பற்றி ஒரு மாநாடு கூடியது. மறுவருடம் ஜெனீவாவில் உலகக் காலநிலை மாநாடு நடந்தபோது கூட்டணி பிறந்தது. வேலை செய்யும் விதம் எளிமையானது. நிதி பற்றிய அறைக்கு ஒரு நாட்டுக்காரர், கார்பன் சந்தை அறைக்கு இன்னொரு நாட்டுக்காரர், இழப்பும் சேதமும் பற்றிய அறைக்கு வேறொருவர் போவார்கள். அவரவர் தன் அறையில் 39 நாடுகளுக்கும் சேர்த்துப் பேசுவார். தினமும் எல்லோரும் கூடி, எந்த அறையில் என்ன நடந்தது, எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்று முடிவெடுப்பார்கள். துபாயில் அவர்கள் அரங்குக்கு வெளியே இருந்ததும் இந்த வேலைக்காகத்தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். சொந்த ஊரில் அமைச்சகத்தின் இளநிலை அதிகாரியாக இருக்கும் ஒருவர், முப்பது வயதில், கரீபியன், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று மூன்று கடல்களின் குரலாக அமெரிக்க அணிக்கும் சவூதி அணிக்கும் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. மற்ற நாடுகளில் தலைமைப் பொறுப்பு மெதுவாக வரும். இங்கே முதல் மாநாட்டிலேயே தலையில் ஏறிவிடலாம். ஆகவே பயிற்சி என்பது இங்கே பதவி உயர்வுக்கான சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் போனால் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும்.

கடன் வாங்கிய பேனா

ஆரம்ப காலத்தில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். கூட்டணியின் முதல் தலைவரான ராபர்ட் வான் லியரோப், நியூயார்க்கைச் சேர்ந்த கறுப்பினத்து வழக்கறிஞர், ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களுக்குத் துணைநின்றவர். அவரைத்தான் வனுவாட்டு தன் ஐ.நா. தூதராக்கியது. வரைவுகளை எழுத லண்டனிலிருந்த சுற்றுச்சூழல் சட்ட நிபுணர்கள் உதவினார்கள். 2009 கோபன்ஹேகன் மாநாட்டில் துவாலுவுக்காகத் தழுதழுத்த குரலில் பேசி உலகை உலுக்கிய இயான் ஃப்ரை ஓர் ஆஸ்திரேலியர். இவர்கள் எல்லோரும் மனமார உழைத்தவர்கள். அவர்கள் இல்லையென்றால் அந்தத் தீவுகளின் பெயரே அந்த ஆவணங்களில் வந்திருக்காது. இருந்தாலும், வெள்ளம் வந்தால் தன் வீட்டுத் திண்ணை முழுகும் என்று தெரிந்தவர் எழுதும் வரிக்கு ஒரு கனம் இருக்கிறது. அதைவிட முக்கியம், வெளியாள் ஒருநாள் போய்விடுவார். போகும்போது அவருடைய ஞாபகமும் கூடவே போய்விடும்.

ஞாபகத்தின் விலை என்ன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1991-இல், காலநிலை ஒப்பந்தமே கையெழுத்தாகாத நேரத்தில், கூட்டணியின் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை வைத்தது: கடல் ஏறி நிலம் போனால் ஈடுகட்ட, தொழில்வளம் பெற்ற நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு நிதி அமைக்க வேண்டும். அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழப்பு, சேதத்துக்கென்று ஒரு நிதி அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது 2022 நவம்பரில், எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில். நடுவில் 31 வருடங்கள். இத்தனை வருடமும் ஒவ்வொரு மாநாட்டிலும் யாராவது ஒருவர் அந்தக் கோரிக்கையைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து மறுபடி மேசையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரே ஒரு சுற்றில் அதைக் கைவிட்டிருந்தால் போதும், முடிந்துபோன விஷயம் என்று எதிர்த்தரப்பு மூடியிருக்கும்.

பக்கத்து நாற்காலி

2014-இல் ஏயோசிஸ் தன் ஃபெல்லோஷிப் திட்டத்தைத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். தீவு நாடுகளின் இளம் அதிகாரிகளை ஏறக்குறைய ஒரு வருடம் நியூயார்க்குக்கு அழைத்து, அவரவர் நாட்டு ஐ.நா. தூதுக்குழுவிலேயே வேலையில் அமர்த்துகிறார்கள். வகுப்புகளும் உண்டு. ஆனால் உண்மையான பாடம் பேச்சுவார்த்தை அறையில், மூத்தவரின் பக்கத்து நாற்காலியில் நடக்கிறது. தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடும் பையன் எப்படிக் கற்றுக்கொள்கிறானோ அப்படி.

அந்த அறைக்குள் என்ன நடக்கும்? திரையில் ஒரு வரைவு ஓடும். ஒப்புக்கொள்ளாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு நாட்டுக்குப் பிடிக்காத சொல்லை நீக்கச் சொன்னால் இன்னொரு நாடு நிறுத்தி வைக்கச் சொல்லும். பேச விரும்புகிறவர் மேசையிலுள்ள நாட்டுப் பெயர்ப்பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைப்பார். பெயர்ப்பலகையை எப்போது நிமிர்த்துவது என்பதே ஒரு கலை. முதலில் பேசினால் எதிர்த்தரப்பு பதில் தயாரித்துக்கொள்ளும். கடைசியில் பேசினால் அதற்குள் சமரசம் முடிந்திருக்கும். சிக்கல் முற்றினால் அறையின் மூலையில் ஐந்தாறு பேர் நின்றபடியே வட்டம் கூடுவார்கள். தீர்வு அந்த வட்டத்தில்தான் பிறக்கும். அந்த வட்டத்தில் தோளைக் கொடுத்து நுழையத் தெரியாதவர், தன் நாட்டைப் பற்றிய வாக்கியம் எழுதப்படுவதைத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், ஒரு காற்புள்ளி இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும். பாடப்புத்தகம் இதில் எதையும் கற்றுத்தராது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீவு நாடுகளுக்குத் தலைமைப் பயிற்சி என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று நாள் ஓட்டல், கழுத்தில் அடையாள அட்டை, கடைசியில் குழுப் புகைப்படம், சான்றிதழ். இருபது பேருள்ள ஓர் அமைச்சகத்திலிருந்து இரண்டு பேரை இதற்கென்று கூப்பிட்டால், அந்த வாரம் அங்கே வேலை நின்றுபோகும். கொடுக்கிறவர்களுக்குக் கணக்குக் காட்ட அந்தப் பட்டறை உதவுகிறது. வாங்குகிறவர்களுக்கு நீண்ட நாள் பக்கத்து நாற்காலிதான் உதவுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்னை தீரும்.

போர்ட் விலாவில் ஒரு வகுப்பறை

வகுப்பறைக்கும் சக்தி உண்டு, சரியான கேள்வியைக் கொடுத்தால். தென் பசிபிக் பல்கலைக்கழகத்தைப் பன்னிரண்டு தீவு நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. 1968-இல் தொடங்கியது. அதன் சட்டப்படிப்பு வளாகம் வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் இருக்கிறது. 2019-இல் அங்கே சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளச் சட்டத்தில் இருக்கிற வழிகளிலேயே பெரிய வழி எது என்று தேடிப் பார்த்தார்கள். கிடைத்த விடை: ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்பது.

யோசனை புதிதில்லை. 2011-இல் பலாவ் நாட்டின் அதிபர் ஐ.நா. பொதுச்சபையில் இதைக் கேட்டுப் பார்த்தார், நகரவில்லை. மாணவர்கள் அதோடு விடவில்லை. பசிபிக் மாணவர்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். சாலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹொனியுஹி, பிஜியைச் சேர்ந்த விஷால் பிரசாத் போன்றவர்கள் அதற்கு முகமானார்கள். தீவு அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டுவின் அமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு கையில் எடுத்தார். ஒரு நாடு கேட்டால் போதாது, பொதுச்சபையின் பெரும்பான்மை கேட்க வேண்டும் என்பதால் வனுவாட்டுவின் தூதர்கள் வெவ்வேறு கண்டங்களிலிருந்து நாடுகளைச் சேர்த்து ஒரு முன்னணிக் குழு அமைத்து, கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் பேரம் பேசினார்கள். 2023 மார்ச் 29 அன்று தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல், ஒருமித்த சம்மதத்தோடு நிறைவேறியது. முன்மொழிந்த நாடுகள் 130-க்கும் மேல்.

2024 டிசம்பரில் ஹேக்கில் இரண்டு வாரம் விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதாடின. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு பேர் வந்ததில்லை. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஏகமனதாகக் கருத்துச் சொன்னார்கள். காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக்கடமை. அதை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறு, இழப்பீடு வரைக்கும் அது போகலாம். கடல் ஏறிக் கரை பின்வாங்கினாலும், ஏற்கனவே வரையறுத்த கடல் எல்லையைத் தீவு நாடுகள் மாற்ற வேண்டிய கட்டாயமில்லை.

இந்தக் கடைசி வரி எவ்வளவு பெரிய சொத்து என்பதைக் கிரிபாட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்த நாட்டின் நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றி அதற்கு உரிமையுள்ள பொருளாதாரக் கடல்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிட அதிகம். அந்தக் கடலில் ஓடும் சூரை மீன்தான் அரசாங்கத்தின் கஜானா. ஒரு காலத்தில் தூரதேசத்துக் கப்பல்கள் ஒவ்வொரு தீவையும் தனித்தனியாக மடக்கிச் சொற்ப உரிமக் கட்டணத்தில் மீனை அள்ளிப்போயின. 1982-இல் நவுரு ஒப்பந்தத்தின் கீழ் ஒன்றுசேர்ந்து இன்று எட்டாக நிற்கும் பசிபிக் நாடுகள், பின்னாளில் கப்பல் கடலில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை வைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தன. சாலமன் தீவுகளின் சட்ட வல்லுநர் டிரான்ஸ்ஃபார்ம் அக்கோராவ், மார்ஷல் தீவுகளின் மஜுரோவிலுள்ள அந்த நாடுகளின் கூட்டு அலுவலகத்தின் முதல் தலைமை நிர்வாகி. 2010-இல் சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் பத்து வருடத்துக்குள் 50 கோடியைத் தொட்டது. மீன் அதே மீன்தான். பேரம் பேசுகிற இடத்தில் ஆள் மாறியிருந்தார்.

சிங்கப்பூரும் மால்டாவும்

தீவு நாடுகளில் இந்த வித்தையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது சிங்கப்பூர். 1968-இல் டாமி கோவை ஐ.நா.வுக்குத் தூதராக அனுப்பியபோது அவருக்கு வயது 30. அடுத்து 1971-இல் போன எஸ். ஜெயக்குமார், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சட்டப் பேராசிரியர், வயது 32. நாடு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. அனுபவசாலிகள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. இருவரும் ஐ.நா. கடல்சட்ட மாநாட்டில் ஊறித் திளைத்தார்கள். அந்த மாநாட்டை ஏழு வருடம் நடத்திய இலங்கையின் ஷெர்லி அமரசிங்க 1980-இல் காலமானபோது, தலைமை நாற்காலிக்கு வந்தவர் டாமி கோ. 1982-இல் ஜமைக்காவில் கையெழுத்தான அந்தச் சட்டம்தான் கிரிபாட்டிக்கு 34 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலைக் கொடுத்தது. நாற்பது வருடம் கழித்து, 2023-இல், ஆழ்கடல் பல்லுயிர் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையைக் கரைசேர்த்த ரெனா லீயும் சிங்கப்பூர்க்காரர். இது தற்செயல் ஆகாது. ஒரு தலைமுறை அடுத்ததைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

1992-இல் சிங்கப்பூர் தொடங்கிய சிறு நாடுகள் மன்றத்தில் அன்று 16 நாடுகள், இன்று 108. மன்றத்தின் முப்பதாவது வருடத்தில் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், உறுப்பு நாடுகளின் அதிகாரிகளுக்கென்றே ஒரு பயிற்சித் தொகுப்பை அறிவித்தார். சொந்தக் காசில் சொந்தப் பள்ளி நடத்தச் சிங்கப்பூரால் முடிகிறது. நவுருவால் முடியாது. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுச் சிங்கப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வது நியாயமில்லை.

மால்டா வேறு வழியில் போனது. 1967-இல் ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று அந்நாட்டுத் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா.வில் பேசிய உரையிலிருந்துதான் கடல்சட்டத்தின் பெரிய விவாதமே கிளம்பியது. அதே மால்டா, சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து 2002-இல் டிப்ளோ அறக்கட்டளையை நிறுவியது. அது இணையத்திலேயே ராஜதந்திரப் பாடம் நடத்துகிறது. பசிபிக்கின் ஒரு மூலையில், அலுவலகத்தில் மாற்று ஆளில்லாத அதிகாரி, மேசையை விட்டு எழாமலேயே படிக்கலாம்.

பெரிய நாடுகளும் கற்றுத்தர வரிசையில் நிற்கின்றன. இந்தியா 2019-இல் செய்த ஒப்பந்தத்தின்படி மாலத்தீவின் 1,000 அரசு ஊழியர்களுக்கு முசூரியிலும் டெல்லியிலும் நிர்வாகப் பயிற்சி அளித்து, 2024-இல் இன்னும் 1,000 பேருக்கு அதை நீட்டித்தது. தூத்துக்குடித் தோணிகள் கல்லும் மணலும் காய்கறியும் ஏற்றிப்போகும் நாட்டுக்கு இது அண்டைவீட்டு உதவி, நல்ல காரியம். ஆனாலும் நிர்வாகப் பயிற்சி வேறு, உலக மேசையில் தன் பங்கைக் கேட்கும் பயிற்சி வேறு. பாடத்தோடு சேர்த்துத் தன் பார்வையையும் கற்றுத்தராத ஆசிரியர் கிடையாது. டெல்லி, பெய்ஜிங், கான்பெரா, வாஷிங்டன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தீவுகள் எல்லோரிடமும் கற்றுக்கொள்ளட்டும். வரைவுப் பயிற்சியை மட்டும் தங்கள் கூட்டணிக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

திரும்பிப் போனவர்கள், போகாதவர்கள்

பயிற்சி முடித்தவர் எங்கே போகிறார் என்பது வலிக்கிற கேள்வி. நன்றாகத் தேறிய பேச்சுவார்த்தையாளரை ஐ.நா. அமைப்புகளும் வளர்ச்சி வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கின்றன. அங்கே கிடைக்கும் சம்பளத்தைத் தீவு அமைச்சகத்தால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. குடும்பத்தில் படித்த ஒரே பிள்ளையாக இருப்பவர் அந்த வேலையை ஏற்றால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது. ஒரு வருட ஃபெல்லோஷிப் முடிந்து ஊர் திரும்பும் இளைஞருக்கு, பழைய மேசையும் பழைய சம்பளமும் கொடுத்து, கால்நடைக் கணக்கெடுப்புக் கோப்பை நீட்டினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? திரும்பி வருபவருக்கென்று ஒரு நிரந்தரப் பதவி, அடுத்த மூன்று மாநாடுகளுக்குக் கட்டாயம் அனுப்பும் உத்தரவாதம், அவரிடம் பயில ஓர் இளையவர். பயிற்சிக்கு நிதி கொடுக்கும் நாடுகள் இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

2024 மே மாதம் ஆண்டிகுவாவில் கூடிய சிறு தீவு நாடுகளின் நான்காவது ஐ.நா. மாநாடு, அடுத்த பத்து வருடத்துக்கான செயல்திட்டத்தோடு, தீவுகளுக்கென்று ஓர் உயர்திறன் மையத்தை அங்கேயே அமைக்கவும் முடிவெடுத்தது. கடன், புள்ளிவிவரம், முதலீடு என்று அதன் வேலைப்பட்டியல் நீளம். பேச்சுவார்த்தைக் கோப்புகளை, 1991-இலிருந்து வந்த ஒவ்வொரு வரைவையும் யார் எதற்காக எழுதினார் என்ற குறிப்போடு, ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் பொறுப்பையும் அதற்குக் கொடுக்கலாம். புதிதாக வருகிறவர் முதல் நாளிலேயே முப்பது வருட அனுபவத்தின் மேல் நின்று பேச அது உதவும்.

நேரமும் அதிகமில்லை. 2026 நவம்பரில் துருக்கியின் அண்டால்யாவில் அடுத்த காலநிலை மாநாடு. பேச்சுவார்த்தைகளை நடத்தும் பொறுப்பு ஆஸ்திரேலியாவிடம், அதற்கு முந்தைய ஆயத்தக் கூட்டம் ஒரு பசிபிக் தீவில். ஆஸ்திரேலியாவை நன்றாக அறிந்தவர்கள் என்பதால் பசிபிக் நாடுகளுக்கு இது அரிய வாய்ப்பு. ஆனால் இந்த மாநாடுகளுக்கு வரும் ஏழை நாடுகளின் பிரதிநிதிகளுக்கான ஐ.நா. பயண நிதி, ஒரு தீவு நாட்டுக்கு இரண்டு மூன்று பேரின் செலவைத்தான் ஏற்கிறது. அந்த இடங்கள் மூத்தவர்களுக்கே போதாது. பயிலும் இளையவர் ஒருவருக்கும் அந்த நிதியிலேயே ஓர் இடம் ஒதுக்க வேண்டும். 39 நாடுகளுக்கு 39 டிக்கெட், இரண்டு வாரத் தங்குமிடம். பல்லாயிரம் பேர் திரளும் ஒரு மாநாட்டின் செலவில் இந்தத் தொகை யாருடைய கண்ணிலும் படாது. ஆனால் நிதி அறையில் சமோவாவின் மூத்தவர் எழுந்து வெளியே போகும்போது, அவருடைய பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.